உறுமினால் உறுமட்டும்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், பயந்த நாயை அடிக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், அது தானாகக் கிட்ட வரும்வரை பொறுங்கள் என்று நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு சீனிப்பை நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் திட்டு. "நாய் வளர்க்க வழி கேட்டால் நீர் தவம் செய்ய வழி சொல்கிறீர்" என்கிறார் வட்டுக்கோட்டை வாசகர் ஒருவர். சரி, இந்த மாதம் முழுவதும் நாய்தான். மாட்டுக் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மடிநோய் அடுத்த மாதம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று. நான் நாய் டொக்டர் இல்லை. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக முப்பத்தொரு வருடம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் சைக்கிள் மிதித்தவன். மாட்டுக்கு ஊசி போடுகிறவர் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் படலை திறப்பேன். ஒவ்வொரு படலைக்குப் பின்னாலும் ஒரு நாய் நிற்கும். ஏழு தரம் கடி வாங்கியிருக்கிறேன். அதில் ஐந்து என் பிழை.

கேள்வி: ஐயா, தை மாதம் சந்தியடியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுக் கிடந்த கறுப்புப் பெட்டை நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். காயம் மாறிவிட்டது. ஆனால் மூன்று கிழமையாகத் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழேயே கிடக்கிறது. ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வந்து விறாந்தையில் கட்டினால் நாலு நாளில் பழகிவிடும் என்கிறார் மருமகன். அவருக்கு நான் என்ன சொல்ல?
— கோண்டாவில் வாசகி

பதில்: மருமகனுக்கு என்ன சொல்வது என்பதுதான் இதில் கஷ்டம், அம்மா. நாய்ப் பாடு லேசு.

விறாந்தையில் கட்டினால் கறுப்பி நாலு நாளில் அடங்கித்தான் கிடப்பாள். மருமகனும் தான் சொன்னது சரி என்பார். ஆனால் பயத்தில் உறைந்துபோன நாயும் பழகிப்போன நாயும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் மூக்குக்கு முன்னால் ஒரு நெத்தலியைப் போட்டுப் பாருங்கள். பழகிய நாய் உடனே தின்னும். உறைந்த நாய்க்கு நெத்தலி கண்ணிலேயே படாது.

ஆகவே நெத்தலிதான் உங்கள் அளவுகோல். கருவாட்டு நெத்தலியை ஊறவிட்டு, உப்புப் போகக் கழுவி, திரும்பக் காயவைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் ஒரே நேரத்தில், ஒரே உடுப்போடு போனால் இன்னும் நல்லது, தாங்கியிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு பலகையைப் போட்டு இருங்கள். அவளுக்கு நேரே இருக்க வேண்டாம், பக்கவாட்டில் இருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், பேப்பரைப் பாருங்கள். நீங்கள் இருக்கும்போதே அவள் தின்றால் தூரம் சரி. தின்னவில்லை என்றால் இன்னும் ஐந்தடி பின்னுக்குப் போங்கள். பின்னுக்குப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

இதில் எல்லோரும் ஓர் இடத்தில் பிழை விடுகிறார்கள். நெத்தலியைத் தங்களுக்குக் கிட்டக் கிட்டப் போட்டு நாயை இழுப்பார்கள். வயிறு முன்னுக்குத் தள்ளும், பயம் பின்னுக்கு இழுக்கும், நாய் நடுவில் நீண்டுகொண்டு வரும். பின்னங்கால் இரண்டும் ஓடுவதற்கு ஆயத்தமாக இருக்கும். நெத்தலி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தால் மனிதர் ஒருவர் ஒரு முழம் தூரத்தில் இருக்கிறார். அந்த இடத்தில்தான் கவ்வும். என் ஏழு கடியில் இரண்டு இப்படி வந்தவை. படலையடியில் குந்தியிருந்து கையில் பிஸ்கட் நீட்டுவேன், நாயும் வாங்கித் தின்னும், நான் எழும்பும்போது முழங்காலில் விழும். நாயைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

எனவே நெத்தலியை அவளுக்குப் பின்னால் எறியுங்கள். அவள் திரும்பிப் போய்த் தின்பாள். உங்களிடமிருந்து விலகிப் போகவும் அவளுக்கு வழி இருக்கிறது, அதற்கும் சாப்பாடு கிடைக்கிறது. பிறகு, அடுத்தது வருமா என்று பார்க்க அவளே ஓரடி முன்னுக்கு வருவாள். அந்த அடியை அவள் தன் காலால் எடுத்து வைக்கிறாள். அதை மட்டும் எண்ணுங்கள்.

நான் இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை. 1995 ஐப்பசியில், ஒக்டோபர் 30 அன்று, சண்டைக்குப் பயந்து வலிகாமமே ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவில் எங்கள் நாய் வீமனை அவிழ்த்துவிட்டு, குசினி வாசலில் ஒரு சட்டி சோறு வைத்துவிட்டு நாங்களும் நடந்தோம். அடுத்த சித்திரையில் கொடிகாமத்திலிருந்து திரும்பி வந்தபோது வீமன் உயிரோடு இருந்தான். ஆறு மாதம் என்ன தின்றான், எங்கே படுத்தான் தெரியாது. என்னைக் கண்டதும் பாய்ந்து வருவான் என்று நினைத்தேன். வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிப்போனான்.

முதல் கிழமை பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளவெல்லாம் துரத்தினேன். நான் ஓரடி வைத்தால் அவன் பத்தடி. ஒரு நாள் களைத்துப்போய்க் கிணற்றுக்கட்டில் வேலிக்கு முதுகு காட்டி இருந்து பாண் தின்றுகொண்டிருந்தேன். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. தோளுக்கு மேலால் ஒரு துண்டுப் பாணை எறிந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சப்பும் சத்தம். வைகாசி முழுக்க அந்தக் கிணற்றுக்கட்டில்தான் எனக்குக் காலைச் சாப்பாடு. ஆனியில் ஒரு நாள் என் சாறத்தின் ஓரத்தை மோந்து பார்த்தான். அப்போதும் நான் கை நீட்டவில்லை. நீட்டத்தான் ஆசை.

கறுப்பியும் ஒரு நாள் உங்களை மோந்து பார்ப்பாள். அன்றைக்குத் தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோக வேண்டாம். நெஞ்சின் பக்கமாக இரண்டு விரலால் மூன்று எண்ணும்வரை சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். உடம்பைச் சாய்த்தால் இன்னொரு மூன்று. மூக்கை நக்கினால், தலையைத் திருப்பினால், இன்றைக்குப் போதும் என்கிறாள். விடுங்கள். தச்சு வேலையாட்கள் வந்த நாளிலேயே குளிப்பாட்டவும் செய்து, அன்றிரவு இடியும் இடித்ததென்றால், அடுத்த இரண்டு மூன்று நாள் பழையபடி தாங்கிக்குக் கீழேதான். பயம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், இறங்க நாள் எடுக்கும். அதைக் கண்டு மனம் விட வேண்டாம்.

மருமகனிடம் அளவு நாடாவைக் கொடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் கறுப்பி எத்தனை அடியில் நின்று தின்றாள் என்று அளந்து கலண்டரில் எழுதட்டும். ஆண்களுக்கு அளக்க ஏதாவது கொடுத்துவிட்டால் கயிறு மறந்துவிடும்.

கேள்வி: நாய்க்கு நாங்கள்தான் தலைவர் என்று முதலிலேயே காட்டிவிட வேண்டும், குழப்படி செய்தால் மல்லாக்கப் புரட்டி அமத்திப் பிடிக்க வேண்டும் என்று யூடியூப்பில் பார்த்தேன். ஓநாய்க் கூட்டத்தில் அப்படித்தானாமே?
— கோப்பாய் வாசகர்

பதில்: தம்பி, அந்தக் கதை 1947 இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர் எழுதியதிலிருந்து வருகிறது. அவர் பார்த்தது அடைத்துவைத்த ஓநாய்களை. பிறகு டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் நிபுணர் 1970 இல் அதையே தன் நூலிலும் எழுதினார். அவரே காட்டு ஓநாய்களை வருடக் கணக்காகப் பார்த்துவிட்டு, 1999 இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். யாரும் யாரையும் அடித்துத் தலைமைக்கு வருவதில்லை. சொன்னவரே திருத்திவிட்டார், யூடியூப்காரர் இன்னும் திருத்தவில்லை.

உங்கள் நாய்க்குச் சோறு போடுவது, படலை திறப்பது, வெளியில் கூட்டிப் போவது எல்லாம் நீங்கள். இதற்கு மேல் என்ன தலைமை வேண்டும்? மல்லாக்கப் புரட்டினால் அது படிக்கிற பாடம் ஒன்றே ஒன்று: இந்த ஆளின் கை கிட்ட வந்தால் ஆபத்து.

கேள்வி: எங்கள் பிறவுணிக்கு எட்டு வயது. இதுவரை யாரையும் கடித்ததில்லை. லண்டனிலிருந்து மகள் வந்திருந்தபோது நாலு வயதுப் பேரன் கிட்டப் போனால் உறுமியது. உறுமும்போதெல்லாம் கணவர் பூவரசந் தடியால் ஒன்று போட்டார். மூன்று நாளில் உறுமுவதை விட்டுவிட்டது. நாலாம் நாள் சத்தமில்லாமல் பிள்ளையின் கையைக் கவ்விவிட்டது. தோல் கிழிந்துவிட்டது. இப்போது எல்லோரும் எங்காவது கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். படமும் வைத்திருக்கிறேன்.
— சாவகச்சேரி வாசகி

பதில்: முதலில் காயம். நாய் தடுப்பூசி போட்டதோ போடாததோ, வீட்டு நாயோ றோட்டு நாயோ, பல் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நீங்கள் போனதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. விசர்நாய்க்கடிக்கு நோய் தொடங்கிய பிறகு வைத்தியம் கிடையாது என்பதால் இதை ஒவ்வொரு மாதமும் எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

இனி உறுமல். உங்கள் கணவர் பிறவுணிக்குச் சொல்லிக் கொடுத்தது, உறுமாமல் கடி என்பதை. அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லைத்தான். ஆனால் படலையில் மணி அடித்துக் கூப்பிடுகிறவனுக்கு அடி போட்டால், அடுத்த தரம் அவன் மதில் ஏறித்தான் வருவான். நாய் உறுமுவது, எனக்கு இது பிடிக்கவில்லை, தள்ளிப் போ என்று மரியாதையாகச் சொல்வது. உறுமுகிற நாயால் எனக்கு ஒரு கடிகூட விழுந்ததில்லை. கடித்ததெல்லாம் சும்மா நின்றவை, அல்லது சும்மா நின்றதாக நான் நினைத்தவை.

உங்கள் படத்தை மூக்குக்கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தேன். பேரன் பிறவுணியின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறான். மகள் சிரிக்கிறாள், நீங்கள் சிரிக்கிறீர்கள், பின்னால் கதிரையில் கணவரும் சிரிக்கிறார். இப்போது எல்லோரையும் விட்டுவிட்டுப் பிறவுணியை மட்டும் பாருங்கள். தலை பிள்ளைக்கு மறுபக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. வாய் இறுக்கி மூடியிருக்கிறது, காது பின்னால் ஒட்டியிருக்கிறது. முன்னங்கால் ஒன்று நிலத்தில் முழுதாகப் படவில்லை. அது அப்போதே சொல்லிவிட்டது. கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமலே மூக்கை நக்குவது, ஒரு கணம் மரம் போல நின்றுவிடுவது, இவையெல்லாம் உறுமலுக்கு முந்திய பேச்சு. வால் ஆடினால் சந்தோஷம் என்பதையும் நம்ப வேண்டாம். உடம்பு முழுவதும் சேர்ந்து நெளிந்தால் சந்தோஷம். விறைத்த உடம்பில் வால் நுனி மட்டும் ஆடினால் விலகி நில்லுங்கள்.

எட்டு வயது என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம். முன்பு பொறுத்த நாய் இப்போது பொறுக்கவில்லை என்றால் எங்கேயோ நோகிறது. இடுப்பு மூட்டு, பல், காதுக்குள் புண். கட்டிப் பிடிக்கும்போது கை சரியாகக் காதில்தான் படுகிறது. பயிற்சிக்கு முன் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் வலி மாத்திரை என்று வீட்டிலிருக்கும் பனடோலைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷமாகலாம்.

மகள் அடுத்த தரம் வருவதற்குள் விறாந்தைக்கு இடுப்பளவில் ஒரு தட்டிக் கதவு போடுங்கள். பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையும் நாயும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. பேரன் கதவுக்கு அந்தப் பக்கம் வந்ததும் நீங்கள் பிறவுணிக்குக் கோழி ஈரல் கொடுக்கத் தொடங்குங்கள். பேரன் போனதும் நிறுத்திவிடுங்கள். வரிசை மாறக் கூடாது. முதலில் பிள்ளை, பிறகுதான் ஈரல். ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் சத்தம் கேட்கச் செய்து, பிறகு சத்தத்துக்கே எச்சில் ஊறுவதைக் கண்டாரே, அதே கணக்கு. ஈரலை முதலில் காட்டிப் பிறகு பிள்ளையைக் கூப்பிட்டால், ஈரலைக் கண்டாலே பிள்ளை வரப்போகிறது என்று நாய் பயப்படும். இப்படித் தலைகீழாகச் செய்துவிட்டு, பயிற்சி சரிவரவில்லை என்று எனக்கு எழுதியவர்கள் பலர்.

கட்டிப் பிடிப்பது மட்டும் இனி வேண்டாம். பேரன் அழுதால் அழட்டும். கொண்டுபோய் விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். சந்தையடியில் விட்டால், எட்டு வயதில், நோவோடு, பயத்தோடு, வேறு யாருடைய பிள்ளைக்கோ கிட்ட அது நிற்கும். நான் விடமாட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. நெத்தலி, ஈரல் என்று எழுதுகிறீர்கள். சைவ வீட்டு நாய்க்குப் பயிற்சியே கிடையாதா?
— மானிப்பாய் வாசகி

பதில்: தாராளமாக உண்டு. அவித்த வத்தாளங்கிழங்கு, அவித்த பூசணி, கரட், தேங்காய்ச் சொட்டு கொஞ்சம், கட்டித் தயிரில் தோய்த்த பாண். சுண்டுவிரல் நகமளவு வெட்டினால் போதும். சின்னத் துண்டு பத்துத் தரம் கொடுப்பது பெரிய துண்டு ஒரு தரம் கொடுப்பதைவிட மேல். எது பிடிக்கும் என்பதை நாய் முடிவு செய்யட்டும். இரண்டு கையிலும் இரண்டு வைத்துக் காட்டிப் பாருங்கள்.

வெங்காயம், உள்ளி, சொக்லேட் கூடாது. முந்திரிகைப் பழமும் (திராட்சை) கூடாது, அதன் வற்றலான பிளம்ஸும் கூடாது, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிளம்ஸ் போட்ட பொங்கலைப் பாசத்தோடு வாழை இலையில் வைத்துக் கொடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். பிளம்ஸ் போடுவதற்கு முன் ஓர் அகப்பை எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அல்சேசன் தபால்காரரைக் கண்டால் சங்கிலியை அறுக்கப் பார்க்கிறது. இரவில் மட்டும் அவிழ்த்துவிடுவோம். கட்டி வளர்த்தால்தான் காவலுக்கு ரோசம் வரும் என்று அப்பா சொல்வார். ஆனால் போன மாதம் எங்கள் பால்காரப் பெடியனையே விரட்டிவிட்டது.
— பருத்தித்துறை வாசகர்

பதில்: நாயின் கணக்கில் பாருங்கள். தபால்காரர் வருகிறார், நான் குரைக்கிறேன், அவர் போய்விடுகிறார். அவர் போவது பக்கத்து வீட்டுக்குக் கடிதம் கொடுக்க. அது நாய்க்குத் தெரியாது. கிழமைக்கு ஐந்தாறு தரம், வருடக் கணக்காக, அது வென்றுகொண்டே இருக்கிறது. வெல்லுகிற வேலையை யார் விடுவார்?

பயந்த மிருகத்துக்கு இருக்கிற முதல் வழி ஓடுவது. சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது பாய்வதுதான். அதைத்தான் அப்பா ரோசம் என்கிறார். ரோசம் பிடித்த நாய் கள்ளனையும் பால்காரப் பெடியனையும் பிரித்துப் பார்க்காது. ஆட்களோடு பழகிய நாய்தான் புது ஆளை வித்தியாசமாகப் பார்த்துக் குரல் கொடுக்கும். காவலுக்கு அந்தக் குரல் போதும்.

நாளைக்கே செய்யக் கூடியது, மதிலில் ஒரு தபால் பெட்டி. இருநூறு வரி எழுதுவதைவிட அது பிரயோசனம். அடுத்தது, படலை கண்ணில் படாத பின்வளவில் கம்பிவலை அடித்து, சங்கிலி இல்லாமல் பகலில் அங்கே விடுங்கள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் நீங்கள் பின்வளவில் நின்று நாலைந்து இறைச்சித் துண்டைப் புல்லுக்குள் தூவிவிடுங்கள். மூக்கால் தேடித் தின்னட்டும். மோந்து தேடுகிற நாய்க்கு உடம்பு தானாகத் தளரும். சில கிழமையில் மணி அடித்தால் படலையைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கும். தபால்காரரைக் கையால் பிஸ்கட் கொடுக்கச் சொல்லாதீர்கள். ஏன் என்று கோண்டாவில் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். அந்த மனிதருக்கும் முழங்கால் வேண்டும்.

கேள்வி: தீபாவளி, பொங்கல், வருடப் பிறப்பு என்றால் எங்கள் ஜிம்மி கட்டிலுக்கடியில் நடுங்கும். தடவிக் கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்த மாதிரி, பயம் கூடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? வெடி இல்லாவிட்டாலும் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி வேறு.
— நல்லூர் வாசகி

பதில்: தடவுங்கள், தங்கச்சி. பயம் அது வேண்டுமென்று செய்கிற வேலை இல்லை, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு. பங்கருக்குள் நடுங்கிய பிள்ளையை மடியில் வைத்திருந்தோமே, அதனால் பிள்ளை இன்னும் பயந்ததா? அந்த நாட்களில் எங்கள் வீமன்தான் பங்கருக்குள் முதலில் இறங்குவான். பொம்பர் சத்தம் எங்கள் காதுக்கு வருவதற்கு முன்னமே அவன் எழும்பிவிடுவான். எங்கள் காது இருபதாயிரம் ஹேட்ஸ் வரை கேட்டால் நாயின் காது நாற்பத்தையாயிரம் மட்டும் போகும். அவன் இறங்கினால் அம்மாவும் செபமாலை போலக் கந்தசஷ்டி கவசத்தைச் சொல்லிக்கொண்டு இறங்குவா. அவன் நடுக்கத்தை யாரும் ஏசவில்லை. எல்லோரும்தான் நடுங்கினோம்.

தீபாவளிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அதனால் இப்போதே தொடங்குங்கள். கைபேசியில் வெடிச் சத்தத்தைப் பதிந்து, ஜிம்மி காதை அசைத்துவிட்டுத் திரும்பப் படுக்கிற அளவுக்கு மெதுவாகப் போடுங்கள். சத்தம், உடனே கோழித் துண்டு. சத்தம், கோழித் துண்டு. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். நாலைந்து நாளுக்கொரு தரம் ஒரு கோடு கூட்டுங்கள். எழும்பி நின்றால் கூட்டியது அதிகம், குறையுங்கள்.

வெடி நாளன்று இருட்டுவதற்கு முன் வெளியில் கொண்டுபோய் வந்துவிடுங்கள். நடு அறையில் யன்னலுக்குச் சீலை, காற்றாடி, ரேடியோ. கட்டிலுக்கடியில்தான் இருப்பேன் என்றால் அங்கேயே பழைய சாறம் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், இழுத்து எடுக்க வேண்டாம். படலையைப் பூட்டி, கழுத்துப்பட்டியில் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள். வெடிக்குப் பயந்து ஓடிப்போன நாயைத் தேடித் தைப்பொங்கலன்று ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றியவன் நான். மனிதர் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். மிகவும் பயப்படுகிற நாய்க்கு மிருக வைத்தியர் மருந்து எழுதுவார், அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. ஆனால் இது பயத்தைக் குறைக்குமா அல்லது உடம்பை மட்டும் அசையாமல் கட்டிப்போடுமா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வகையும் உண்டு.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். ஒலிபெருக்கி உங்கள் மதிலில் என்றால், கொஞ்ச நாளைக்கு ஜிம்மி பழகிய ஒரு சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். முருகன் கோபிக்கமாட்டார். அவருக்குச் சேவலும் மயிலும் இருக்கின்றன, மிருகத்தின் பாடு தெரியும்.

கேள்வி: ஒன்பது கிழமைக் குட்டி. ஊசி எல்லாம் முடியும் வரை வெளியில் காட்டக் கூடாதாமே?
— வேலணை வாசகர்

பதில்: நிலத்தில் விடாதீர்கள், உலகத்தைக் காட்டுங்கள். மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு பதினாலாம் கிழமை வரைக்கும்தான் குட்டியின் மனம் புதியதைப் பயமில்லாமல் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற இடத்தில் ஸ்கொட், ஃபுல்லர் என்ற இருவர் வருடக் கணக்காகக் குட்டிகளை வளர்த்துப் பார்த்துச் சொன்னது இது. சைக்கிள் கூடைக்குள் ஒரு துணி போட்டு வைத்துக் கொண்டுபோங்கள். சந்தை, பஸ், குடை பிடித்த ஆள், தாடிக்காரர், கடற்கரைக் காற்று, பள்ளிக்கூடம் விடும் நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. உங்களுக்கு இன்னும் நாலைந்து கிழமைதான் இருக்கிறது, கடிதத்தை மடித்துவிட்டு எழும்புங்கள்.

கேள்வி: போன ஐப்பசியில் விறாந்தை தாண்டாத நாய் என்று எழுதினேன், ஞாபகமா? நீங்கள் சொன்னபடி செய்து கார்த்திகையில் குசினி வரை வந்தது. மார்கழியில் அறைக்குள் வந்தது. இப்போது கட்டிலில் தலைமாட்டில் படுக்கிறது. என் கணவர் படுக்க வந்தால் அவரைப் பார்த்து உறுமுகிறது. எப்படி இறக்குவது?
— உரும்பிராய் வாசகி

பதில்: கழுத்துப்பட்டியில் பிடித்து இழுக்க வேண்டாம், அதுதான் கடி விழுகிற இடம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்து, கணவரின் பழைய சேட்டு ஒன்றை அதில் போடுங்கள். பகலில் நல்ல சாப்பாடெல்லாம் அந்தப் பாயில். "இறங்கு" என்று சொல்லிப் பாயில் ஒரு துண்டு அவித்த முட்டையை எறியுங்கள், இறங்கித் தின்னும். இரவில் முட்டையை எறிகிறவர் கணவராக இருக்கட்டும். அவர் வந்தால் முட்டை வரும் என்று ஆனால் அவரைப் பார்த்து உறுமுவதற்குக் காரணம் குறையும். அதுவரை உறுமினால் உறுமட்டும், அவர் ஓரடி பின்னால் நின்று எறியட்டும்.

இதெல்லாம் சரிவரும் என்று உறுதியாகச் சொல்லலாம். எங்கள் வீட்டில் இப்போதிருக்கும் நாய் இதை மிக நன்றாகப் படித்துவிட்டது. "இறங்கு" என்றதும் இறங்கி, முட்டையைத் தின்றுவிட்டு, அடுத்த முட்டைக்காகத் திரும்ப ஏறுகிறது. நான் இரண்டு மாதமாக விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுக்கிறேன்.